கியூப இசையின் வேர்களைத் தேடும் ஒரு தாள வகுப்பு: பெங்களூரிலிருந்து ஒரு மதிப்புரை

பெங்களூரில் சால்சா நடனம் கற்றுத்தரும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ மாலை நேரத்தில் நடந்து சென்றால் ஏதாவதொரு மாடியிலிருந்து அந்த ட்ரம்பெட் முழக்கமும் பியானோவும் காதில் விழும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு அடியில் ஓடும் தாளம் எங்கே பிறந்தது, எந்த மக்கள் எந்த நிலையில் அதை உருவாக்கினார்கள், அதன் நடை ஏன் அப்படி அமைந்தது என்பதைச் சொல்லித்தரும் இடம் இந்த ஊரில் அரிது. ஃபிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் காலையில் நடக்கும் கியூபத் தாளவாத்திய வகுப்பு அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. அதை நடத்துபவர் பெயர்ப்பலகையும் விளம்பரமும் வேண்டாமென்று இருப்பவர். தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவதே அங்குள்ள வழக்கம். ஆகவே பெயரைத் தவிர்த்துவிட்டு, அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வளவு நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து கற்றதில் எனக்கு இவ்வகுப்பின் மேல் பெருமதிப்பு ஏற்பட்டிருக்கிறது. எளிதில் விட்டுவிட முடியாத ஒரு மனக்குறையும் ஏற்பட்டிருக்கிறது.

ஆசிரியர் அல்சூரில் வளர்ந்த தமிழர். இளமையில் மிருதங்கம் பயின்று, பிறகு கியூபாவின் வடகரையில் உள்ள மத்தான்சாஸ் நகரில் தங்கி, அங்குள்ள முழவுக் கலைஞர்களிடம் கற்றுத் திரும்பியவர். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். இடையிடையே தமிழும் கன்னடமும் தாராளமாக வரும். மாணவர்களில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் பாதி, ஏற்கெனவே ஏதாவதொரு வாத்தியம் வாசிப்பவர்கள் பாதி என்று சொல்லலாம். ஒவ்வொரு வகுப்பிலும் முதற்பகுதி கேட்பதற்கும் வரலாற்றுக்கும், பிற்பகுதி வாசிப்பதற்கும் ஒதுக்கப்படுகிறது. இந்த வரிசை மிகச் சரியானது. காது பழகாமல் கை பழகினால், பாங்கோ என்ற இரட்டைச் சிறு முழவைத் தட்டத் தெரிந்த ஒருவர் கிடைப்பாரே தவிர, கியூப இசை தெரிந்த ஒருவர் கிடைக்கமாட்டார்.

தொடக்க வாரங்களில் முழவு எதையும் தொடவிடுவதில்லை. கையில் தருவது கிளாவே எனப்படும் இரண்டு மரக்குச்சிகளை மட்டுமே. சிவாஜிநகர்ப் பக்கத்துக் கடைசல்காரர் ஒருவர் ஈட்டி மரத்தில் கடைந்து கொடுத்தவை அவை. ஒரு சாண் நீளமுள்ள உருளைகள்தாம் என்றாலும் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இடக்கையைச் சிறு கிண்ணம் போலக் குவித்து, ஒரு குச்சியை விரல்நுனிகளின் மேலும் உள்ளங்கையின் அடிமேட்டின் மேலும் சற்றே படும்படி கிடத்த வேண்டும். இறுகப் பிடித்தால் ஒலி செத்துவிடும். குவிந்த கைக்குள் இருக்கும் காற்றுதான் அதற்குக் குடம். மற்றக் குச்சியால் அதன் நடுவில் அடித்தால், அத்தனை சிறிய மரத்திலிருந்து ஓர் அறை முழுவதையும் ஊடுருவும் கூரிய ஓசை எழுகிறது. ட்ரம்பெட்டும் முழவுகளும் பாடகர்களும் ஒருசேர முழங்கும்போதும் அந்த ஓசை தனியாகக் கேட்பதன் காரணம் கையில் வைத்துப் பார்த்த பிறகே விளங்கியது.

கிளாவேயின் தாளத்தை ஆசிரியர் சொற்கட்டில் சொல்லிக்கொடுத்த விதம், தமிழ்க் காதுக்கு இந்த இசைக்குள் நுழைய எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. நான்கு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக மொத்தம் பதினாறு. அதைத் 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று பிரித்துச் சொல்லி, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. அவ்வளவுதான், இதுவே சோன் என்னும் பாடல்வகையின் கிளாவே. ரும்பா என்னும் மற்றோர் இசைவகையின் கிளாவேக்கு 'தகிட தகதிமி தகிட தக தகதிமி' என்று சொல்ல வேண்டும். ஐந்து தட்டுகளில் மூன்றாவது மட்டும் ஒரே ஒரு மாத்திரை தள்ளி விழுகிறது. காகிதத்தில் இது அற்பமான வேறுபாடாகத் தோன்றும். வாசித்துப் பார்த்தால் முழு இசையின் சாய்வும் மாறிவிடுகிறது. முதலாவது உருண்டு செல்கிறது, இரண்டாவது ஒரு கணம் மூச்சைப் பிடித்துவிட்டு இறங்குகிறது.

கணக்கு தெரிந்தவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்களோடு பயின்ற மூத்த மிருதங்கக் கலைஞர் ஒருவர், எல்லோரும் ஐயா என்று அழைக்கும் பெரியவர், முதல் நாளிலேயே இரண்டு கிளாவேகளையும் பிழையின்றித் தட்டினார். ஆனால் தாளச்சுற்று தொடங்கும் இடமான சமத்தில் விழும் அடிக்குத் தம்மை அறியாமல் ஓர் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கணக்கு ரொம்பச் சரி. சமத்துல மட்டும் அழுத்தாதீங்க, அஞ்சு அடிக்கும் ஒரே எடை குடுங்க" என்றார் ஆசிரியர்.

"கணக்கு கைக்கு வந்துடுச்சு தம்பி, காதுக்குத்தான் இன்னும் வரல" என்றார் பெரியவர். ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, அந்த நாளின் மீதி நேரம் முழுவதையும் இந்த ஒரு செய்திக்கே செலவிட்டார். நம் இசையில் பாட்டு தொடங்கும் எடுப்பு எங்கே இருந்தாலும், தனி ஆவர்த்தனம் எவ்வளவு தூரம் அலைந்தாலும், எல்லாம் ஒருநாள் சமத்தில் வந்து இறங்கியாக வேண்டும்; இறங்கும்போது அவையே தலையாட்டும். சோன் இசையிலோ அடிநாதம் தரும் பாஸ் அடுத்த சுற்றின் சுரத்தைச் சமத்துக்கு அரை அட்சரம் முன்னதாகவே தொட்டுவிட்டு, சமத்தில் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். கோங்கா முழவின் திறந்த அடிகளும் அதே முன்னிடத்தை நாடியே விழும். சமத்துக்கு முன்பே தொடங்கும் அதீத எடுப்பு நமக்குப் புதியதன்று என்றாலும், ஒரு பாட்டு முழுவதும் அதையே தன் இயல்பான நடையாகக் கொள்வது புதியது. நடனத்துக்கு இந்த இசை தரும் உந்துதல் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்று அவர் விளக்கியதைக் கேட்ட பிறகு, பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த பதிவுகளே எனக்கு வேறாக ஒலிக்கத் தொடங்கின.

வரலாற்றுப் பகுதிக்கு வருகிறேன். கியூப இசை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1996-இல் ஹவானாவின் எக்ரெம் ஒலிப்பதிவுக்கூடத்தில் மூத்த கலைஞர்களைக் கூட்டிப் பதிவுசெய்து மறு ஆண்டு வெளியிட்ட 'பியூனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற அந்தப் புகழ்பெற்ற இசைத்தொகுப்பே. வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோரும் அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தாம். ஆசிரியர் அதை அவமதிக்கவில்லை. ஆனால் அது மரத்தின் உச்சிக்கிளை என்று சொல்லிவிட்டு, நேராகச் சர்க்கரை ஆலைகளுக்கு அழைத்துச் சென்றார்.

1791-இல் இன்றைய ஹெய்ட்டியில், அன்றைய பிரெஞ்சுக் குடியேற்றமான சேன்-தொமிங்கில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது உலகின் மிகப் பெரிய சர்க்கரை உற்பத்தி நிலம் எரிந்து வீழ்ந்தது. அந்த இடத்தைப் பிடிக்க ஸ்பானியக் கியூபா முனைந்தது. கரும்பு வயல் பெருகப் பெருக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் அள்ளிக்கொண்டு வருவதும் பெருகிற்று. கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ எட்டு லட்சம் அடிமைகளில் பெரும்பான்மையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள். அங்கே அடிமைமுறை முற்றாக ஒழிந்ததே 1886-இல்தான். இந்தக் காலக்கணக்கில்தான் இசையின் விடை இருக்கிறது. மிகப் பிந்தைய காலம்வரை ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் வந்துகொண்டே இருந்ததால், பாட்டும் முழவும் தெய்வங்களும் மங்கிப்போக நேரமே இருக்கவில்லை. வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் பலவற்றில் முழவுகள் தடைசெய்யப்பட்டிருந்தன. ஸ்பானிய ஆட்சியோ ஒரே இனக்குழுவைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள் கபில்தோ என்ற சங்கங்களில் கூடி, தம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும், இறந்தவர்களை அடக்கம் செய்யவும், விழா நாளில் தம் முறைப்படி முழவு கொட்டவும் இடம் கொடுத்தது. ஆண்டுதோறும் சனவரி 6-ஆம் நாள் அந்தச் சங்கங்கள் தத்தம் முழவுகளோடு ஹவானாவின் வீதிகளில் ஊர்வலம் வந்தன. அந்த அனுமதிக்குப் பின்னால் இருந்தது கருணை அன்று, கண்காணிப்பும் பிரித்தாளும் எண்ணமும்தான் என்பதை ஆசிரியர் மழுப்பாமல் சொன்னார். ஆனால் அதன் விளைவாக நான்கு பெரும் மரபுகள் தனித்தனியே பிழைத்தன: மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களுடையது, இன்றைய நைஜீரியாவின் யொரூபா மக்களுடையது, கலபார் கரையிலிருந்து வந்த கராபலியினருடையது, தகோமியிலிருந்து (இன்றைய பெனின்) வந்த அராராவினருடையது.

ஒவ்வொரு மரபுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று ஒதுக்கி, முதலில் வழிபாட்டுப் பாடல், பிறகு ஊர்விழா இசை, பிறகு நடனக்குழுவின் பதிவு என்று படிப்படியாகக் கேட்கச் செய்தது இவ்வகுப்பின் பெருஞ்சிறப்பு. கராபலி மரபு அதில் எனக்கு முற்றிலும் புதியது. 1836-இல் ஹவானாத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ரெக்லாவில் அபாக்குவா என்னும் ஆடவர் சங்கம் தோன்றிற்று. துறைமுகத் தொழிலாளர்களிடையே அது வேரூன்றியது. அதன் சடங்கு முழவும் உலோக மணியின் ஒலியும் ரும்பாவுக்குள் இறங்கின. பிறகு அதே சங்கத்தைச் சேர்ந்த சானோ போசோ என்ற கோங்காக் கலைஞர் 1947-இல் நியூயார்க்கில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் சேர்ந்தபோது அமெரிக்க ஜாஸுக்குள்ளும் இறங்கின. மறு ஆண்டு இறுதியிலேயே சானோ போசோ ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தனை குறுகிய காலத்தில் ஒரு மனிதரின் இரண்டு கைகள் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்திருக்கின்றன என்பதை ஆசிரியர் பதிவுகளை முன்னும் பின்னும் போட்டுக் காட்டி நிறுவினார்.

யொரூபா மரபின் பாத்தா முழவுகளுக்கு ஒரு தனி வகுப்பே போதவில்லை. நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தவுடன் வியப்படைவது இயல்பு. இரண்டு முகம் கொண்டது, நடு இடுங்கியது, உட்கார்ந்து மடிமேல் கிடத்தி இரு கைகளாலும் வாசிப்பது. மூன்று முழவுகள் சேர்ந்ததே ஒரு தொகுதி. பெரியது இயா, நடுத்தரம் இத்தோத்தெலெ, சிறியது ஒகோங்கோலோ. இயாவின் உடலைச் சுற்றிச் சிறு மணிகள் கட்டப்பட்டிருக்கும். அதன் பெரிய முகத்தில் அதிர்வை அடக்க ஒரு பிசின் பூச்சு உண்டு. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசுவதை அன்றாடம் செய்யும் பெரியவர் அந்தப் பூச்சை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஒற்றுமை அதோடு நின்றுவிடுகிறது. மிருதங்கத்தில் ஒருவர் செய்வதை இங்கே மூவர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆறு முகங்களின் ஒலிகள் பின்னிப் பிணைந்து ஒரு பேச்சாகின்றன. யொரூபா மொழி குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி என்பதால், அந்த ஏற்ற இறக்கத்தையே முழவு எடுத்துச் சொல்லும். இயா கேட்கும், இத்தோத்தெலெ பதிலளிக்கும், ஒகோங்கோலோ தன் சிறு நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

வழிபாட்டு வரிசையில் முதல் முழக்கம் எலெகுவாவுக்கு உரியது. நாற்சந்திகளின் காவலர் அவர், வழியைத் திறந்துவிடுபவர். அவரை முந்தி எந்தத் தெய்வத்தையும் அழைப்பதில்லை என்று ஆசிரியர் சொன்னபோது, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் "நம்ம பிள்ளையார் மாதிரியா சார்?" என்று கேட்டார். ஆசிரியர் அந்த ஒப்பீட்டை ஏற்றுக்கொண்டார், ஆனால் அதில் அதிகநேரம் தங்கவிடவில்லை. சாங்கோ என்ற தெய்வத்தைப் புனித பார்பராவின் உருவிலும் யெமயா என்ற தெய்வத்தை ரெக்லாவின் மாதாவின் உருவிலும் வழிபட்ட மக்களின் நிலையை அவர்களுடைய சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும் என்றார். இந்தக் கவனம் எனக்குப் பிடித்தது. இதைவிடவும் பிடித்தது, சடங்கு செய்து தெய்வம் ஏற்றப்பட்ட பாத்தா வேறு, மேடைக்கும் பயிற்சிக்கும் உரிய பாத்தா வேறு என்ற எல்லையை அவர் ஓரிடத்திலும் தாண்டாதது. வகுப்பில் இருப்பவை இரண்டாம் வகை. சடங்கு முழவைத் தாம் மத்தான்சாஸில் கேட்டிருப்பதாகவும், அதைக் கற்பிக்கும் உரிமை தமக்கு இல்லை என்றும் தெளிவாகச் சொன்னார்.

இந்த முழவுகள் கியூபச் சமூகத்தில் மதிப்புப் பெற்ற கதையில் பெர்னாண்டோ ஒர்ட்டிஸ் என்ற அறிஞரின் பெயர் தவிர்க்க முடியாதது. 1881-இல் பிறந்து 1969-இல் மறைந்தவர். தொடக்கத்தில் ஆப்பிரிக்க வழிபாடுகளைக் குற்றவியல் கண்ணோடு பார்த்து எழுதியவர் அவர். பிற்காலத்தில் அந்தப் பார்வையை முற்றிலும் கைவிட்டு, 1930-களில் பாத்தா முழவுகளைப் பொதுமேடையில் முதன்முறை ஒலிக்கச் செய்தார். 1952 முதல் 1955 வரை ஆப்பிரிக்கக் கியூப இசைக்கருவிகள் பற்றி ஐந்து பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அவருடைய முதற்கால எழுத்தையும் மறைக்காமல் சொன்னது வகுப்பின் நேர்மைக்குச் சான்று.

அடுத்து ரும்பா. கோயிலுக்கும் மேடைக்கும் வெளியே, ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் துறைமுகத் தொழிலாளர்களின் முற்றங்களில் பிறந்த இசை இது. முழவு கிடைக்காத இடத்தில், அல்லது முழவு கொட்டினால் காவலர் வருவார்கள் என்ற இடத்தில், கப்பலில் வந்த கருவாட்டுப் பெட்டியைத் தாழ்ந்த ஒலிக்கும் மெழுகுவர்த்திப் பெட்டியை உயர்ந்த ஒலிக்கும் பயன்படுத்தினார்கள். கியூபாவின் காஹோன் என்ற பெட்டி வாத்தியத்தின் பிறப்பு அதுவே. இன்று பெங்களூரின் காப்பிக்கடை இசைநிகழ்ச்சிகளில் தவறாமல் தென்படும் காஹோன் பெரு நாட்டின் வகை. அதற்கும் இதற்கும் வடிவத்தில் வேறுபாடு உண்டென்பதையும் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். யாம்பு, குவாகுவாங்கோ, கொலும்பியா என்ற மூன்று ரும்பா வகைகளில் குவாகுவாங்கோவை நாங்கள் முழுமையாக வாசித்தோம். இரண்டு முழவுகள் நடையைப் பிடிக்க, குயின்தோ என்னும் உச்ச முழவு ஆடுபவரின் காலையும் தோளையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஆடுபவரே இல்லாமல் குயின்தோ வாசிப்பது பொருளற்றது என்பதால், நடனம் அறிந்த ஒருவரை ஆசிரியர் அன்று வரவழைத்திருந்தார். நட்டுவாங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும்: தாளம் சொல்லக் கால் ஆடுவதில்லை, கால் சொல்லத் தாளம் பதிலளிக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ ரும்பாவை மானுடத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவும் பாராட்டு. என் மனக்குறை சோன் பாடத்தில் தொடங்குகிறது.

சோன் என்பது கியூபாவின் கிழக்கு மலைப்பகுதியில் உருவாகி, 1909 வாக்கில் படைவீரர்கள் வழியாக ஹவானாவை அடைந்து, 1920-களில் தீவு முழுவதற்கும் உரியதாகிவிட்ட இசை. இன்று சால்சா என்ற பெயரில் உலகம் ஆடுவதன் உடல் அதுதான். அதன் தனித்தன்மை, ஆப்பிரிக்க முழவும் ஸ்பானிய நரம்பிசையும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று விழுங்காமல் இணைந்ததில் இருக்கிறது. பாட்டின் முற்பகுதி ஸ்பானியக் கவிதை வடிவில் கதை சொல்லும். பிற்பகுதியான மொந்தூனோவில் ஒருவர் பாடக் குழுவினர் பதில் பாடும் ஆப்பிரிக்க முறை எழும். மூன்று இரட்டைத் தந்திகள் கொண்ட திரெஸ் என்னும் சிறு கிதார் அந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே நின்று, ஸ்பானிய வாத்தியமாக இருந்துகொண்டே முழவுபோல நடக்கும். வகுப்பில் பாங்கோவின் மர்தீயோ அடியைப் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். 1960-களின் தமிழ்த் திரைப்பாடல்களில் நாம் கேட்டு வளர்ந்த பாங்கோ எந்த ஊரிலிருந்து புறப்பட்டது என்பது அன்று பலருக்கும் விளங்கிற்று. மரப்பெட்டியில் உலோக நாக்குகள் பொருத்தி விரலால் மீட்டும் மரிம்புலா மத்திய ஆப்பிரிக்காவின் பரம்பரை என்பதையும், எண்ணெய் கொண்டுவந்த மண்சாடியின் வாயில் ஊதி அடிநாதம் எழுப்பும் போத்திஹாவையும் காட்டினார்கள். குவாந்தானமோப் பகுதியின் சாங்குயி என்ற மூத்த உறவில் கிளாவேக் குச்சிகளே இல்லை என்ற நுட்பமான செய்தியும் கிடைத்தது. ஆனால் திரெஸ் வாத்தியம் வகுப்பில் இல்லை. அதை வாசிப்பவரும் இல்லை. பதிவில் சில நிமிடம் கேட்டோம், அதோடு முடிந்தது.

பாட்டின் நிலை இன்னும் மோசம். கியூபக் கிராமத்தானின் கவிதை தெசிமா. எட்டு அசை கொண்ட பத்து அடிகள். 'அ ஆ ஆ அ அ இ இ ஈ ஈ இ' என்ற ஒழுங்கில் இயைபு அமைய வேண்டும். 1591-இல் நூல் வெளியிட்ட விசெந்தே எஸ்பினெல் என்ற ஸ்பானியக் கவிஞரின் பெயரால் வழங்கும் இந்த வடிவம், ஸ்பெயினில் மங்கிய பிறகும் கியூபாவின் புகையிலை நிலங்களில் செழித்தது. கனேரித் தீவுகளிலிருந்து குடியேறிய உழவர்களின் பங்கு அதில் பெரிது. புந்தோ எனப்படும் அவர்களுடைய இசையில் இரண்டு பாவலர்கள் எதிரெதிரே நின்று, ஒருவர் முடித்த இடத்திலிருந்து மற்றவர் அந்தக் கணமே கட்டிப் பாடுவார்கள். எசப்பாட்டு தெரிந்த நம் மக்களுக்கு, காளமேகப் புலவரின் ஆசுகவியைக் கொண்டாடும் நமக்கு, கியூப இசையில் இதைவிட நெருக்கமான வாசல் வேறு எது இருக்க முடியும்? அதற்கு இந்த வகுப்பு ஒதுக்கியது ஒரு வாக்கியம் மட்டுமே. யொரூபாவுக்கும் கொங்கோவுக்கும் செய்த நீதியில் நான்கில் ஒரு பங்கையாவது இந்த உழவர்களுக்கும் செய்திருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். நெடுங்காலம் ஆப்பிரிக்க வேர் மறுக்கப்பட்டது, 1900-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது ஹவானாவில் ஆப்பிரிக்க முழவுகளுக்குத் தடையே விதிக்கப்பட்டது, ஊர்வல முழக்கங்கள் 1937-இல்தான் மீண்டும் முறையாக அனுமதிக்கப்பட்டன, ஆகவே அந்தப் பக்கம் அழுத்திச் சொல்லவேண்டிய கடமை தமக்கு இருக்கிறது என்று அவர் விடையளித்தார். அந்த உணர்வை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆயினும் விடையை என்னால் ஏற்க முடியவில்லை. கொங்கோ வழிவந்த குடும்பத்தில் 1911-இல் பிறந்து, சிறுவயதிலேயே பார்வை இழந்து, சோன் இசைக்குழுவில் கோங்காவையும் பியானோவையும் கூடுதல் ட்ரம்பெட்டுகளையும் சேர்த்து 1940-களில் அதன் உருவத்தையே மாற்றிய அர்செனியோ ரொட்ரிகஸ் கையில் வைத்திருந்தது எது? திரெஸ்தான். ஆப்பிரிக்க மரபின் அந்தப் பெருங்கலைஞர் தம் முன்னோரின் தாளம் முழுவதையும் அந்த ஸ்பானியத் தந்திகளில் வாசித்தார். திரெஸை அறியாமல் அர்செனியோவை அறிய வழியில்லை. அர்செனியோவை அறியாமல் அவருக்குப் பின் வந்த சால்சாவையும் அறிய வழியில்லை. ஒரு வேரை ஆழமாகக் காட்டுவதற்காக மற்றொன்றை நிழலில் விட்டால், மாணவர் இந்த இசையை அதன் பாதி உருவத்தில்தான் எடுத்துச் செல்வார்.

தான்சோன் என்னும் நடன இசை பற்றிய பாடம் சுருக்கமாக இருந்தாலும் நிறைவானது. ஹெய்ட்டிக் கிளர்ச்சிக்குத் தப்பிக் கிழக்குக் கியூபாவுக்கு வந்தவர்களோடு பிரெஞ்சு நடன இசையும் வந்தது. அவர்களுடன் வந்த ஆப்பிரிக்கர்களின் கைகளில் அது புதுத்தாளம் பெற்றது. பல பத்தாண்டுகள் கழித்து, 1879 சனவரி முதல் நாள் மத்தான்சாஸில் மிகேல் ஃபாயில்தே என்ற கலைஞர் தம் முதல் தான்சோனை அரங்கேற்றினார் என்ற தொடர்ச்சியைப் பதிவுகளோடு கேட்டோம். சாந்தியாகோ நகரத் திருவிழாவில் ஒலிக்கும் சீனக் குழலும் அன்று வந்தது. 1847 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் கொடை அந்த இரட்டைச் சீவாளி வாத்தியம். வீதி முழக்கத்துக்கு மேலே அது எழும்பும்போது சாமி புறப்பாட்டில் நாதசுரம் கேட்ட காது நிமிர்ந்து உட்காரும்.

நடைமுறைச் செய்திகள் சில. கட்டணம் இந்த ஊரில் மிருதங்க வகுப்புக்குக் கொடுப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பாத்தா தொகுதி, கோங்காக்கள், காஹோன்கள் எல்லாம் வகுப்பிலேயே இருப்பதால் நாம் எதையும் வாங்கவேண்டியதில்லை என்பதைக் கருதினால் அது நியாயமான தொகையே. கோங்காக்களில் இரண்டு செயற்கைத் தோல் போர்த்தியவை. பெங்களூரின் மழைக்காலத்துக்கு அது உதவும் என்றாலும் உள்ளங்கை அடியின் கனிவு அதில் வருவதில்லை, ஆகவே முன்னதாகப் போய் மாட்டுத்தோல் கோங்காவின் அருகே இடம் பிடிப்பது நல்லது. அறையின் கூரை தகரம். எட்டுப் பேர் சேர்ந்து வாசித்தால் ஒலி எதிரொலித்துக் குழம்புகிறது. தரைவிரிப்புகள் போட்டிருக்கிறார்கள், சுவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். அச்சிட்ட பாடக்குறிப்பு எதுவும் தருவதில்லை. காதால் கற்க வேண்டும் என்ற கொள்கை சரி. ஆனால் அத்தனை பெயர்களும் ஊர்களும் ஆண்டுகளும் கொண்ட வரலாற்றுப் பகுதிக்காவது ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் வீட்டில் மீண்டும் கேட்க உதவும்.

மிருதங்கமோ கடமோ தவிலோ ஓரளவு தெரிந்தவர்களுக்கு இந்த வகுப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தாளமே புதிது என்பவர்களும் சேரலாம். முதல் சில வாரங்கள் கிளாவேயோடு மட்டும் இருக்கும் பொறுமை வேண்டும். பாடவும் கிதார் வாசிக்கவும் விரும்பி வருபவர்கள் இப்போதைக்குக் காத்திருப்பது நல்லது. அடுத்த பருவத்தில் நரம்பிசைக்கும் தெசிமாவுக்கும் மூன்று ஞாயிறுகள் ஒதுக்கப்போவதாகவும், திரெஸ் ஒன்றைத் தருவிக்க ஏற்பாடு நடப்பதாகவும் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். முதல் வகுப்பைக் கட்டணமின்றி உட்கார்ந்து கேட்க அனுமதிக்கிறார்கள். மாடிப்படி குறுகலும் செங்குத்துமாக இருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கீழ்த்தளக் கூடத்தில் நடத்தவும் அவர் ஆயத்தமாக இருக்கிறார்.